வெட்டுவது முதலில், விரிப்பது பிறகு: இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களோடு ஷெல்லில் வேலை செய்வது

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் வேலை அறை. ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துத் தரும் கல்யாணப் படங்களைப் பிரித்து, பெயர்களைச் சீராக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கொடுப்பது தொழில். அதற்கு முன் டிடிபி வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கமிருந்து ஈரத்தில் ஒட்டிப்போன ஆல்பங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் என்னை இந்த நாற்காலிக்கு மாற்றினார்கள்.

ஒரு தை மாத இரவில் 611 படங்கள் இருந்த ஒரு கோப்புறையிலிருந்து ஊஞ்சல் படங்களை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. நீக்கும் கட்டளை ஆர்எம். பெயருக்குப் பின் வரும் நட்சத்திரத்துக்கு ‘மீதி எதுவானாலும் சரி’ என்று பொருள். நான் தட்ட நினைத்தது:

ஆர்எம் ஊஞ்சல்*

தட்டியது:

ஆர்எம் ஊஞ்சல் *

கட்டைவிரல் பழக்கதோஷத்தில் போட்ட ஒரே ஓர் இடைவெளி. ‘ஊஞ்சல்’ என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. அந்தப் புகாரை நான் படித்து முடிப்பதற்குள் முகூர்த்தம், மாலை மாற்று, தாலி கட்டு, மறுவீடு எல்லாம் போய்விட்டன. மூலப் பிரதி ஸ்டுடியோக்காரரின் பீரோவில் இருந்தது. பீரோச் சாவி அவர் இடுப்பில். அவர் திருப்பதியில். அவர் திரும்பி வரும் வரை அந்த இரண்டு நாளும் வாசலில் எந்த வண்டி நின்றாலும் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வேலை கற்கும் பையனுக்குத் தொலைபேசியில் சொல்வது போலவே கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். ஆர்எம் என்றால் விசைப்பலகையில் ஆர், எம் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள். எல்எஸ் (பெயர்களைப் பட்டியலிடுவது), எம்வி (இடத்தையோ பெயரையோ மாற்றுவது), சிபி (பிரதி எடுப்பது) ஆகியவையும் ஜேபிஜி என்ற நீட்சியும் அப்படித்தான். ஃபார், ஃபைண்ட் போன்றவை முழு ஆங்கிலச் சொற்கள். ஊஞ்சல், தாலி போன்ற கோப்புப் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம். லினக்ஸும் மேக்கும் மறுப்புச் சொல்வதில்லை. குறிகளும் இலக்கங்களும் நான் போட்டபடியே இருக்க வேண்டும். இடைவெளிகள் அதைவிடக் கறாராக.

இனி, அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம். நாம் தட்டும் வரியை ஆர்எம் பார்ப்பதே இல்லை. வாங்கிப் படிப்பது ஷெல், அதாவது நாம் தட்டும் வரியைப் புரிந்துகொண்டு கட்டளைகளை ஏவும் நிரல். அது முதலில் இடைவெளி கண்ட இடங்களில் வரியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பிறகு ஒவ்வொரு துண்டிலும் நட்சத்திரம், கேள்விக்குறி, சதுர அடைப்பு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கோப்புறைக்குள் போய்ப் பொருந்தும் பெயர்களை எல்லாம் எடுத்துவந்து அந்தத் துண்டு இருந்த இடத்தில் விரித்து வைக்கிறது. அதன் பிறகுதான் ஆர்எம் எழுப்பப்படுகிறது. அதன் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் கொடுக்கப்படுகிறது. அன்று அதன் கையில் போனது ‘ஊஞ்சல்’ என்ற இல்லாத பெயர் ஒன்று, அதன்பின் கோப்புறையில் இருந்த 611 பெயர்கள். நான் நட்சத்திரம் போட்டேன் என்பதே அதற்குத் தெரியாது. அதைத் திட்டிப் பயன் இல்லை.

வெட்டுவது முதலில், விரிப்பது பிறகு. என் மேசை விளிம்பில் செலோடேப் ஒட்டி எழுதி வைத்திருப்பது இந்த நாலு சொற்களைத்தான். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் தாமாகவே புரிந்துவிடும்.

இந்த விரிக்கும் வேலைக்கு 1971இல் வந்த முதல் யூனிக்ஸில் தனி நிரலே இருந்தது. அதன் பெயர் க்ளாப். பிற்பாடு அந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே வந்துவிட்டது, பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்சி. நான் டிஸ்க் வாங்கப் போகும் ரிட்சி தெருவுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மவுண்ட் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடுகிறது.

இந்த வரிசையில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. நட்சத்திரம் விரித்துக் கொண்டுவந்த பெயர்களை ஷெல் மறுபடியும் வெட்டுவதில்லை. ‘தாலி கட்டு 1.ஜேபிஜி’ என்ற பெயரில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஆனாலும்

சிபி தாலி* பிரதி/

என்றால் அந்தப் பெயர் உடையாமல் ஒரே பெயராகவே சிபியிடம் போகும். இடைவெளி உள்ள பெயர் என்றாலே நட்சத்திரம் ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்தப் பெயரைக் கையால் தட்டுவதைவிட நட்சத்திரத்திடம் ஒப்படைப்பதுதான் பத்திரம்.

கையால் தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேற்கோள் குறி வேண்டும். ‘தாலி கட்டு’ என்று தொடங்கும் படங்கள் வேண்டும், ‘தாலி பூஜை’ படங்கள் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். பையன் முதல் நாள் எழுதியது:

எல்எஸ் "தாலி கட்டு*"

அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. “அக்கா, கண் முன்னால் நாற்பது படம் இருக்கிறது, இல்லை என்கிறது” என்றான். மேற்கோளுக்குள் போன நட்சத்திரம் வெறும் எழுத்தாகிவிடும். பெயரிலேயே நட்சத்திரம் உள்ள கோப்பைத் தேடிப்போய் எல்எஸ் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. சரியான வழி இது:

எல்எஸ் "தாலி கட்டு"*

இடைவெளி மேற்கோளுக்குள்ளே, நட்சத்திரம் வெளியே. பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். மூடும் மேற்கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே இடைவெளி இல்லாத வரை ஷெல் இரண்டையும் ஒரே துண்டாகவே எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குப் பதில் இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டாலும் போதும்:

எல்எஸ் தாலி\ கட்டு*

பெயரில் டாலர் குறி இருந்தால் இரட்டை மேற்கோள் போதாது, ஒற்றை மேற்கோள் வேண்டும். இரட்டை மேற்கோளுக்குள்ளும் டாலருக்கு உயிர் உண்டு. ஒரே படத்தை இரண்டு முறை இறக்கினால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் (1), (2) என்ற பிறை அடைப்புகளுக்கும் மேற்கோள் அவசியம். இல்லாவிட்டால் இலக்கணப் பிழை என்று சொல்லி ஷெல் அந்த வரியையே தள்ளிவிடும்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு டேப் விசை இருக்கிறது. ‘தாலி’ என்று தட்டி டேப்பை அழுத்தினால் மீதிப் பெயரை ஷெல்லே நிரப்பும். இடைவெளிக்கும் அடைப்புக்கும் வேண்டிய பின்சாய்கோட்டையும் அதுவே போட்டுக்கொள்ளும். எனக்கு ஒரு நாளில் அதிகம் தேயும் விசை அதுதான்.

ஆர்எம் எழுதுவதற்கு முன் அதே வரியை எல்எஸ் போட்டுப் பார்ப்பது இப்போது எனக்கு வழக்கம்:

எல்எஸ் -1 -டி ஊஞ்சல்*

-1 என்பது இலக்கம் ஒன்று. ஒரு வரிக்கு ஒரு பெயர் வர வைக்கும். -டி என்பது டைரக்டரியின் முதலெழுத்து; கோப்புறை எதுவும் மாட்டினால் அதன் வயிற்றைத் திறந்து காட்டாமல் பெயரை மட்டும் காட்டச் சொல்வது. பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்பு விசையை அழுத்தி அதே வரியைத் திரும்ப வரவழைத்து, முன்னால் உள்ள கட்டளையை மட்டும் மாற்றுகிறேன். மாதிரியைப் புதிதாகத் தட்டுவதில்லை. தட்டினால் கட்டைவிரல் மறுபடியும் தன் வேலையைக் காட்டும்.

லினக்ஸில் இந்தப் பட்டியலைப் பார்க்கும் சிலர், “பெயரைச் சுற்றி மேற்கோள் எப்படி வந்தது?” என்று கேட்கிறார்கள். 2016இல் வந்த 8.25 பதிப்பிலிருந்து ஜிஎன்யூ எல்எஸ் இடைவெளி உள்ள பெயர்களைத் திரையில் ஒற்றை மேற்கோளுக்குள் காட்டுகிறது. மேற்கோள் பெயரின் பகுதி இல்லை. பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கான எல்லைக்கல் அது. அது கண்ணை உறுத்துகிறது என்று அணைத்து வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டும்.

விண்டோஸிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு பழக்கம் மாற வேண்டும். டிடிபி காலத்தில் கறுப்புத் திரையில் நான் இப்படி எழுதிப் பெயர் மாற்றுவேன்:

ரென் *.ஜேபிஇஜி *.ஜேபிஜி

அங்கே அது வேலை செய்யும். டாஸ் வழிவந்த கட்டளைகளில் நட்சத்திரத்தை விரிப்பது ஷெல் இல்லை. ரென் அதை நட்சத்திரமாகவே வாங்கிக்கொண்டு தனக்குத் தெரிந்தபடி பொருள் கொள்கிறது. அதே நினைப்பில் லினக்ஸுக்கு வந்து

எம்வி *.ஜேபிஇஜி *.ஜேபிஜி

என்று எழுதினால் என்ன ஆகும்? முதல் துண்டு இருக்கும் கோப்புகளாக விரிந்துவிடும். இரண்டாவது துண்டுக்குப் பொருந்தும் கோப்பு எதுவும் இல்லை என்றால் பாஷ் (என் லினக்ஸில் ஓடும் ஷெல்) அதை அப்படியே விட்டுவிடும். நட்சத்திரம் நட்சத்திரமாகவே எம்வியிடம் போகும். பல கோப்புகள் இருந்தால் ‘கடைசிப் பெயர் கோப்புறை இல்லையே’ என்று எம்வி மறுத்துவிடும், அத்தோடு பிழைத்தோம். ஒரே ஒரு கோப்பு இருந்தால்தான் வினை. அந்தக் கோப்பின் பெயரே ‘*.ஜேபிஜி’ என்று ஆகிவிடும்.

அப்படி ஒன்று என் டிஸ்க்கில் பிறந்தது. விண்டோஸில் நட்சத்திரம் உள்ள பெயருக்கே அனுமதி இல்லை என்பதால், வாடிக்கையாளர் பென் டிரைவுக்கு அது போக மறுத்தது. சரி, தொலையட்டும் என்று அதை அழிக்கக் கை எழுந்தது. அதை அழிக்க இயல்பாகத் தட்டத் தோன்றும் வரி எது என்று நினைத்துப் பாருங்கள். அதை அப்படியே தட்டினால் நட்சத்திரம் விரிந்து அந்தக் கோப்புறையில் உள்ள ஜேபிஜி அத்தனையும் போகும். நல்லவேளை, திருப்பதி அனுபவம் கையைப் பிடித்தது. செய்ய வேண்டியது இது:

ஆர்எம் './*.ஜேபிஜி'

ஒற்றை மேற்கோளுக்குள் நட்சத்திரம் செத்த நட்சத்திரம். முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் ‘இதே கோப்புறையில்’ என்று சொல்கின்றன. இந்தப் புள்ளி-சாய்கோடு இன்னொரு இடத்திலும் காப்பாற்றும். கோடு போட்டுத் தொடங்கும் பெயர்களைக் கட்டளைகள் கோப்பு என்று நினைக்காமல் -1, -டி போன்ற விருப்பக் குறி என்று நினைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஒருவர் எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் அழகுக்காக ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார். ./* என்று எழுதினால் எந்தப் பெயரும் கோட்டில் தொடங்காது.

பொருந்தும் கோப்பு இல்லாதபோது அப்படியே விட்டுவிடுவது பாஷின் குணம். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் இயல்பு ஷெல்லாக இருக்கும் இஸட்ஷெல், பொருத்தம் இல்லை என்று சொல்லிக் கட்டளையையே நிறுத்திவிடும். தனி நட்சத்திரத்தோடு ஆர்எம் தட்டினால் ‘இத்தனை கோப்புகளையும் அழிக்கவா?’ என்று கேட்கவும் செய்யும். என் பாஷ் கேட்கவில்லை. பாஷிலும் ‘ஷாப்ட் -எஸ் ஃபெயில்க்ளாப்’ என்ற வரியை அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் பொருத்தம் இல்லாதபோது நின்றுவிடும். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

எம்வியில் சத்தம் போடாமல் ஆளை விழுங்கும் பள்ளம் ஒன்று உண்டு. போகும் இடத்தை எழுத மறந்து

எம்வி ஊஞ்சல்*

என்று மட்டும் தட்டிவிட்டீர்கள். மூன்று கோப்புகளோ அதற்கு மேலோ பொருந்தினால் எம்வி புகார் சொல்லும். சரியாக இரண்டு பொருந்தினால் ‘முதலாவதை இரண்டாவதாகப் பெயர் மாற்று’ என்று அதற்குப் பொருளாகும். இரண்டாவது படத்தின் மேல் முதலாவது ஏறி உட்கார்ந்துகொள்ளும்; ஒரு படம் சுவடில்லாமல் போகும். அதனால் நான் எப்போதும் -என் சேர்த்தே எழுதுகிறேன். இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்று அதற்குப் பொருள். கோப்புறைப் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போடவும் தவறுவதில்லை.

அடுத்தது மடக்கு, அதாவது ஒரே வேலையைக் கோப்புக்குக் கோப்பு திரும்பச் செய்யும் வரி. அதில் டூ என்றால் ‘செய்’, டன் என்றால் ‘செய்தாயிற்று’, எஃப் ஒற்றை எழுத்து. இடைவெளி உண்மையிலேயே கடிப்பது இங்கேதான். பையன் எங்கிருந்தோ கற்றுவந்து எழுதியது:

ஃபார் எஃப் இன் $(எல்எஸ்); டூ சிபி $எஃப் பிரதி/; டன்

ஓட்டினான். ‘தாலி’ இல்லை, ‘கட்டு’ இல்லை, ‘1.ஜேபிஜி’ இல்லை என்று திரை நிறையப் புகார். இதில் இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. டாலரும் பிறை அடைப்பும் எல்எஸ் சொன்னதை வெறும் உரையாக வாங்கி வருகின்றன. அந்த உரையில் பெயர் எது, இடைவெளி எது என்று பிரித்தறிய ஷெல்லுக்கு வழி இல்லை, வெட்டித் தள்ளிவிடுகிறது. இடையில் எல்எஸ் எதற்கு? நட்சத்திரமே நேராகப் பெயர்களைக் கொண்டுவருமே. இரண்டாவது பிழை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெயரைத் தாங்கும் மாறியான $எஃப் மேற்கோள் இல்லாமல் நிற்பது. மேற்கோள் இல்லாத மாறியின் உள்ளே இருப்பதை ஷெல் எடுத்துவைத்த பிறகு, அதை இடைவெளியில் இன்னொரு முறை வெட்டும். அதில் நட்சத்திரம் இருந்தால் அதையும் விரிக்கும். நட்சத்திரம் விரித்த பெயருக்கு மறுவெட்டு இல்லை என்றேனே, அந்தச் சலுகை மாறிக்குக் கிடையாது. சரியான வடிவம்:

ஃபார் எஃப் இன் ./*.ஜேபிஜி; டூ சிபி -என் "$எஃப்" பிரதி/; டன்

டாலர் குறியைக் கண்டால் இரட்டை மேற்கோள் போடு, ஏன் என்று யோசிப்பதைப் பிறகு வைத்துக்கொள். பையனுக்கு நான் சொன்னது அவ்வளவுதான். ஸ்டுடியோ மேக்கில் மேற்கோள் இல்லாமலேயே சரியாக ஓடியதே என்று வாதாடினான். ஓடும். இஸட்ஷெல் மாறிகளை இயல்பாக வெட்டுவதில்லை. அதே வரி என் மேசையில் ஓடாது. மேற்கோளோடு எழுதினால் இரண்டு இடத்திலும் ஓடும்.

தமிழ்ப் பெயர்கள் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் சங்கடங்கள் சில உண்டு. கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பொருந்தும் என்பார்கள். எந்த எழுத்துக்கு? பெட்டிகளை நான் அ, ஆ, இ என்றும், க, கா, கி என்றும் வரிசைப்படுத்தி ஸ்கேன் செய்தபோது

எல்எஸ் ?.ஜேபிஜி

என்று கேட்டேன். அ, ஆ, இ, க வந்தன. கா, கி வரவில்லை. நம் கண்ணுக்குக் கி ஓர் எழுத்து. யூனிகோடில் அது ககர உருவும் இகரக் குறியுமாக இரண்டு. மெய்யெழுத்து ‘க்’ கூடப் புள்ளியோடு சேர்த்து இரண்டுதான். அதனால் கி வேண்டுமென்றால் இரண்டு கேள்விக்குறி வேண்டும். தமிழ்ப் பெயர்களில் கேள்விக்குறியை எண்களுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்: ‘மாலை ??.ஜேபிஜி’ என்றால் இரண்டு இலக்க எண்கள். அதையும் தட்டும்போது நடுவில் உள்ள இடைவெளிக்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொட்டு மேளம் என் தூக்கத்தைக் கெடுத்தது. ‘கொட்டு மேளம்.ஜேபிஜி’ என்று ஒரே கோப்புறையில் இரண்டு கோப்புகள். பெயரில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாதே? ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸ் பைட்டுகளைப் பார்க்கிறது, அதற்கு அவை வெவ்வேறு. ஒன்று பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தது. எச்எஃப்எஸ் பிளஸ் என்ற அந்தக் காலக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நான் விசைப்பலகையில் எப்படித் தட்டினாலும் ஒன்று மட்டுமே மாட்டும். அங்கேயும் கைகொடுத்தது நட்சத்திரம்தான்:

எல்எஸ் -1 *"ட்டு "*

இரண்டும் வரும். பிறகு ஒன்றுக்கு வேறு பெயர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

பெயரின் நீளத்திலும் தமிழுக்கு இடம் குறைவு. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும். ஆக 85 குறிகள்தான், அதிலும் கி போன்றவை இரண்டைத் தின்னும். விண்டோஸ் டிஸ்க்கின் கணக்கு வேறு, அங்கே 255 குறிகள் வரை இடம் உண்டு. ‘மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குள் நுழையும்போது அத்தை ஆரத்தி எடுப்பதும்’ என்று தொடங்கி இன்னும் நீளமாகக் கதை எழுதி வைத்திருந்த ஒரு கோப்பு அங்கே உட்கார்ந்திருந்தது, இங்கே பிரதியாக மறுத்துவிட்டது.

கேமராக்காரர்களுக்கு ஒன்று. பல கேமராக்கள் நீட்சியைப் பெரிய எழுத்து ஜேபிஜியாக எழுதும். போனிலிருந்து வருவது சிறிய எழுத்து. லினக்ஸில் இரண்டும் வேறு என்பதால் *.ஜேபிஜி பாதியைத்தான் பிடிக்கும், விட்டுப்போனதைச் சொல்லவும் சொல்லாது. ‘ஷாப்ட் -எஸ் நோகேஸ்க்ளாப்’ என்று ஒரு வரி தட்டிவிட்டால் பாஷ் அந்த வேறுபாட்டைப் பார்க்காது.

வரிசையும் கவனிக்க வேண்டியது. நட்சத்திரம் பெயர்களை அகராதி முறையில் அடுக்கும்: 1, 10, 11, 12, பிறகு 2. ஸ்லைடு ஷோவில் மூன்றாம் முடிச்சு விழுந்த 10ஆம் படம், முதல் முடிச்சு விழும் 2ஆம் படத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கல்யாணப் பெண்ணின் பாட்டி. அன்றிலிருந்து 001, 002 என்று மூன்று இலக்கத்தில்தான் எண் போடுகிறேன்.

உட்கோப்புறைகள் நிறைய இருந்தால் ஃபைண்ட் வேண்டும். ஃபைண்டுக்குத் தானே நட்சத்திரம் தெரியும். அதனால் இங்கே ஷெல் தொடக்கூடாது, மேற்கோள் கட்டாயம்:

ஃபைண்ட் . -ஐநேம் '*.ஜேபிஜி' -எக்ஸெக் சிபி -என் {} /பிரதி/ ';'

மேற்கோளை விட்டால், நிற்கும் கோப்புறையிலேயே ஜேபிஜி இருக்கும் நாளில் ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிடும். இல்லாத நாளில், ஃபெயில்க்ளாப் போடாத பாஷில், ஒழுங்காக ஓடும். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இந்த இனம்தான். -எக்ஸெக் {} இருக்கும் இடத்தில் பெயரை முழுதாகக் கொடுக்கும், இடைவெளிக்குப் பயமில்லை. வாங்கிய பெயர்களை வேறொரு கட்டளைக்கு ஊட்டும் எக்ஸ்ஆர்க்ஸுக்குக் குழாய் (|) வழியே அனுப்புவதானால் ஃபைண்டுக்கு -பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸுக்கு -0 என்ற இணையைப் பயன்படுத்துங்கள். யூனிக்ஸ் கோப்புப் பெயருக்குள் வரவே முடியாதவை இரண்டுதான்: சாய்கோடும் சுழியப் பைட்டும். பெயர்களுக்கு நடுவே வேலி போட அந்தச் சுழியத்தைவிட நம்பகமானது வேறில்லை.

ஃபைண்ட் காட்டும் எண்ணிக்கை இரட்டிப்பாக வந்தால் பதற வேண்டாம். மேக்கில் எழுதிய எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளில் படத்துக்கு ஒன்றாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த சின்ன நிழல் கோப்பு ஒன்று இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை ஷெல்லின் நட்சத்திரம் தொடாது. ஃபைண்டின் நட்சத்திரம் தொடும். நடுவில் ! -நேம் '._*' சேர்த்தால் அவை விலகும்.

ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருக்கும் இடத்தில் ‘பட்டியல் மிக நீளம்’ என்று ஷெல் கைவிரிக்கும். லினக்ஸில் ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலுக்கு வழக்கமான உச்சவரம்பு 2 எம்பி. எழுத்துக்கு 3 பைட் பிடிக்கும் தமிழ்ப் பெயர்கள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஃபார் மடக்கு ஷெல்லுக்கு உள்ளேயே நடப்பதால் அந்த வரம்பு அதற்கு இல்லை. ஃபைண்டுக்கும் இல்லை.

இப்போதெல்லாம் ஊஞ்சல் படங்களை நீக்க நான் ஆர்எம் தொடுவதில்லை. ‘போகட்டும்’ என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன்:

எம்வி -என் ஊஞ்சல்* போகட்டும்/

வாடிக்கையாளர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தையும் கொடுத்த பிறகே அது காலியாகும். சென்ற வாரம் பையன், “அக்கா, போகட்டும் இரண்டு இருக்கிறதே, எதில் போடுவது?” என்று கேட்டான். நான் போனில் அனுப்பியிருந்த பெயரை நகலெடுத்து ஒட்டி அவனே உருவாக்கியது இரண்டாவது. கோப்பு மேலாளரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. எல்எஸ் -1 தட்டிப் பார்த்தோம். ஒன்று வெறும் பெயர். மற்றொன்றைச் சுற்றி மேற்கோள் இருந்தது, மூடும் மேற்கோளுக்கு முன்னால் ஓர் இடைவெளி. உள்ளே இருந்த 14 படங்களையும் முதலாவதற்கு மாற்றிவிட்டு, அவனையே தட்டச் சொன்னேன்:

ஆர்எம்டிர் 'போகட்டும் '